வெறும் குப்பியில் ஈயம்

கல்வராயன் மலையில் எரிமலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுபலட்சுமி எரிமலையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்தில் நாலைந்து பேராவது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நம்ம மலை எப்போது வெடிக்கும் என்று கேட்டுவிட்டார்கள். வெடிக்காது என்று அவள் சொன்னால் நம்புவதில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று மேலிடத்தில் தடுத்திருப்பார்கள் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். அவள் தம்பி ராஜேஷ்குமார் வேறு, "வெடிக்காத மலையிலேர்ந்து போயி வெடிக்கிற மலையப் படிச்சிக்கினு இருக்குது எங்கக்கா" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவளுடைய அப்பா பெரியண்ணன் மலைமேல் இரண்டரை ஏக்கரில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அம்மா ஆயம்மாள் அதே நிலத்தில் அவரைவிட அதிகமாக உழைக்கிறவள். சுபலட்சுமி மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவுக்குக் கள்ளக்குறிச்சி விடுதிக்கு இறங்கினாள். வேதியியல் என்றால் அவளுக்கு உயிர். அதிலும் அளப்பது பிடிக்கும். சோதனைக் குழாயில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிப்போகிறதே, அந்தக் கறார்த்தனம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சேலத்தில் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனபோது வேதியியல் இடமெல்லாம் தீர்ந்து, யாரும் சீந்தாத நிலவியல் மட்டும் மிச்சமிருந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா படிப்பும்மா இது?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"கல்லப் பத்திப் படிக்கறதுப்பா."

"கல்லு நம்ம கொல்லையிலயே கெடக்குதே. இதுக்கா சேலத்துக்குப் போற?"

போனாள். கல்லுக்குள்ளும் வேதியியல் இருக்கிறது என்று இரண்டாம் வருடத்தில் தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பூட்டியிருந்த வீட்டுக்குப் பின்கதவு திறந்திருந்ததைப் போல இருந்தது. பிறகு சென்னையில் எம்.எஸ்சி. அதன்பின் உதவித்தொகைக்கான தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறி, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு எரிமலையின் பாறைகள்தான் அவளுக்கு அமைந்தன. ஒருமுறை ஆராய்ச்சிக் கப்பலில் போய் அந்த மலையைக் கண்ணாலும் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் வாந்தி எடுத்ததுதான் அந்தப் பயணத்தில் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரில் கேட்டவர்களுக்கு, "பொகையா இருந்துது" என்று மட்டும் சொன்னாள்.

அவள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிமலைப் பாறைக்குள் துளியூண்டு ஈயம் இருக்கும். ஈயத்தில் எடை வேறுபட்ட நான்கு வகை அணுக்கள் உண்டு. அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த விகிதத்தை அளந்தால், பூமிக்கடியில் எங்கிருந்து உருகி வந்த பாறை அது என்று சொல்லலாம். பாறையைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, ஈயத்தை மட்டும் பிரித்து, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கருவியில் கொடுத்து அளக்க வேண்டும்.

நம்மைச் சுற்றி எங்கும் ஈயம் இருக்கிறது. தூசியில், பெயின்டில், வியர்வையில்கூட. அதனால் தூசு புகாத அறையில், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் பாறையே போடாத வெறும் குப்பி ஒன்றையும் சேர்த்து, அதே அமிலம், அதே கை, அதே வழிமுறையில் கொண்டுபோவார்கள். அந்த வெறும் குப்பியில் ஈயம் ஏறக்குறைய இல்லையென்றால் வேலை சுத்தம். இருந்தால், வெளியிலிருந்து ஏதோ புகுந்துவிட்டது. மூன்று வருடமாகச் சுபலட்சுமியின் வெறும் குப்பியில் முப்பது பிக்கோகிராமுக்குமேல் வந்ததில்லை. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் பிக்கோகிராம். அந்த அறையில் அவள் கைதான் சுத்தமான கை என்று பெயர்.

அந்தப் பெயர் ஆடி மாதத்தில் போனது.

ஆடியில் அவள் ஊர் மாரியம்மனுக்குப் பதினைந்து நாள் திருவிழா. முதல் நாள் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். வீட்டுக்கு வீடு வெள்ளை நூலை மஞ்சளில் தோய்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பூசாரி சின்னக்கண்ணு அதைக் கையில் கட்டிவிடுவார். கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியில் தங்கக் கூடாது. சுபலட்சுமி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆய்வேட்டுக்கு இன்னும் ஐந்தே ஐந்து பாறைதான் பாக்கி, கருவிக்கு முறை ஐப்பசியில் என்பதால் நிம்மதியாகக் காப்புக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை, சிக்னல் கிடைக்கும் பாறை மேட்டுக்குப் போய் போனைத் திறந்தபோது செய்தி வந்து விழுந்தது. வேறு யாரோ வராததால் கருவி வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாளுக்குக் காலி, உடனே வந்தால் அவளுக்குத் தருகிறார்கள். உதவித்தொகை ஐப்பசியோடு முடிகிறது. யார் விடுவார்கள்?

ஆயம்மாளுக்கு முகமே செத்துப்போயிற்று. பெரியண்ணன்தான் பூசாரியிடம் போய்ப் பேசினார். சின்னக்கண்ணு வெகுநேரம் யோசித்துவிட்டு, கடைசி நாள் காப்பு அவிழ்க்க வந்துவிட வேண்டும், அதுவரை நூல் கையைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்பாவின் பைக்கில் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, சேலம் பஸ் பிடித்து, பெங்களூர் போய்ச் சேர்ந்தாள்.

தூசு புகாத அறையின் கதவில் ஒரு பலகை தொங்கும். நகை, கைக்கடிகாரம், பவுடர், பொட்டு எதுவும் கூடாது என்று அதில் இருக்கும். சுபலட்சுமி தோட்டைக் கழற்றினாள், பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. அதுவும் இரண்டு கையுறைக்கு உள்ளே, சட்டைக் கையின் மடிப்புக்குக் கீழே இருக்கப்போகிறது. யாருக்கு என்ன கேடு என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடி, தானே நீதிபதியாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை கருவியிலிருந்து எண்கள் வந்தன. வெறும் குப்பியில் ஆயிரத்து இருநூறு பிக்கோகிராம் ஈயம்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் அரங்கநாதன் கத்துகிற மனிதர் அல்ல. கத்தியிருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இது எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிங்க, சுபா. தெரியாம விட்டா இந்த அஞ்சு பாறை மட்டும் போகாது. எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரியாத ஓர் ஈயம் உங்க வேலைக்குள்ள இருந்தா, முன்னாடி எடுத்த அளவையும் தேர்வாளர் கேள்வி கேட்பார். கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல."

"எல்லாத்தையும் திரும்ப எடுக்கணுமா சார்?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

மூன்று வருட வேலை, கையில் மூன்று மாதம். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

அவளோடு அதே அறையில் வேலை செய்யும் இசைவாணி, திருக்கோவிலூர்ப் பெண், துணைக்கு வந்தாள். இருவரும் அமிலப் புட்டியை மாற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் வடிகட்டியை மாற்றினார்கள். குப்பிகளை ஒரு நாள் முழுக்கக் கொதிக்க வைத்தார்கள். கடைசியில் இசைவாணி ஒரு யோசனை சொன்னாள்: ஒரே அமிலம், ஒரே குப்பி, ஆளுக்கொரு வெறும் குப்பி செய்து பார்ப்போம். செய்தார்கள். புதன்கிழமை எண்கள் வந்தன. இசைவாணியின் குப்பியில் இருபத்தெட்டு. சுபலட்சுமியின் குப்பியில் தொள்ளாயிரம்.

"இன்னாடி இது, உன் கூடவே வருது?" என்றாள் இசைவாணி. கேலியாகத்தான் சொன்னாள். சுபலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போடப் போனவள் நின்றாள். உள் கையுறையின் விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம். விரலால் தொட்டால் ஒட்டியது; வெளிக் கையுறையை இழுத்து மாட்டும் விரல் ஒவ்வொரு முறையும் அங்கேதான் படும். அறைக்கு வெளியே வந்து ஈரக் காகிதத்தால் மணிக்கட்டைத் துடைத்தாள். காகிதம் பளீரென்று மஞ்சளானது. எட்டு நாள் குளித்த கயிறு இன்னும் இவ்வளவு நிறம் விடுகிறதென்றால் அது வெறும் மஞ்சள்தானா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மஞ்சள் தூளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயம் கலந்த சாயத்தைச் சில இடங்களில் சேர்ப்பார்கள் என்று அவள் எம்.எஸ்சி.யில் படித்துப் பரீட்சையிலும் எழுதியவள். எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். கையில் கட்டிக்கொண்டு திரிந்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை அரங்கநாதனின் அறைக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஏன் முதல்லயே சொல்லல?"

"பலகையில கயிறுன்னு போடல சார்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "பயந்துட்டேன் சார். கழட்டச் சொல்லுவீங்கன்னு பயம். ஊர்ல வாக்குக் கொடுத்துட்டு வந்தேன்."

"அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா யூகம் போதாது. இந்தக் கயிறுதான்னு அளந்து காட்டணும். கயிற்று ஈயத்தோட விகிதமும் கெட்டுப்போன குப்பியோட விகிதமும் ஒண்ணா இருந்தா, பழைய அளவெல்லாம் தப்பிச்சுது. கயிறு கட்டுறதுக்கு முன்னாடி எடுத்ததுதானே எல்லாம்?"

"எல்லாமே முன்னாடிதான் சார்."

"அப்ப அறுங்க."

அறுப்பது அவ்வளவு சுலபமா? ஊர்ப் பாறை மேட்டில் தினமும் பத்து மணிக்கு ராஜேஷ்குமார் போன் பார்க்க வருவான். அவனைப் பிடித்து, பூசாரியை அழைத்துவரச் சொன்னாள். அரை மணி கழித்துச் சின்னக்கண்ணுவின் குரல் கேட்டது.

"இன்னாம்மா, காப்ப அறுக்கணும்ன்றியாமே?"

"ஆமாங்க மாமா. அதுல ஏதோ கெடுதல் இருக்குதுன்னு நெனைக்கிறன். சோதிச்சிப் பாக்கணும்."

"காப்புல கெடுதலா?"

"காப்புல இல்லீங்க மாமா. அதுல தோச்ச மஞ்சத்தூள்ல."

அவர் கேட்டார், "அறுத்துட்டு இன்னா பண்ணுவ? தூக்கிப் போடக் கூடாது. தண்ணில கரைக்கணும். அதான் மொற."

"கரைக்கத்தான் போறன் மாமா. ஆனா ஆசிட்ல."

"அது பாக்கத் தண்ணியாட்டந்தான இருக்கும்?"

"தண்ணியாட்டந்தான் மாமா இருக்கும்."

"அப்ப சரி. கரைக்கிறதுக்கு முன்ன கெழக்கப் பாத்து ஒரு கும்பிடு போட்டுக்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. கடைசி நாளு மட்டும் தவறாம வந்து சேரு."

இத்தனை நாள் இந்த மனிதரை நினைத்தா பயந்தோம் என்று சுபலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிலையத்தில் ஜன்னல்கள் எல்லாம் அடைப்பு. கிழக்கு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இசைவாணி போனில் திசைகாட்டியைத் திறந்து, குளிர்பதனப் பெட்டி இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். சுபலட்சுமி குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கயிற்றை அறுத்தாள். அவ்வளவு ஈயத்தைத் தூசு புகாத அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேறொரு அறையில் இசைவாணிதான் அதைக் கரைத்தாள். சுபலட்சுமி மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, மிச்சம் வைத்திருந்த பொடியிலிருந்து அந்த ஐந்து பாறையையும் மறுபடி முதலிலிருந்து செய்தாள். கூடவே ஒரு வெறும் குப்பி.

ஞாயிற்றுக்கிழமை, கருவியின் கடைசி நாள், மதியம் எல்லா எண்களும் வந்தன. கயிற்றில் ஈயம் அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. அதன் விகிதமும் கெட்டுப்போன இரண்டு குப்பிகளின் விகிதமும் நாலாவது தசம இடம் வரை ஒன்றாகவே இருந்தன. புதிய வெறும் குப்பியில் இருபத்தாறு. ஐந்து பாறைகளும் பழைய பாறைகளோடு ஒழுங்காக வரிசையில் போய் உட்கார்ந்தன.

அரங்கநாதன் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தப்பிச்சோம்" என்றார். அந்த ஆறு நாளும் அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது அவர் அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. சுபலட்சுமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருடமும் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. அன்று மாலைக்குள் கதவுப் பலகையில் 'கயிறு' என்று புதிதாக ஒரு வரி ஏறியது. எழுதிய ஆய்வக உதவியாளர் வீரமணி, யாரும் பார்க்காதபோது தன் கையிலிருந்த சிவப்புக் கயிற்றைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நிம்மதி அவளுக்கு இரவுச் சாப்பாடு வரைதான் நிலைத்தது. மெஸ்ஸில் தட்டில் பருப்பு விழுந்தது. மஞ்சள் பருப்பு. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அந்தத் தூள் ஊரில் இருக்கிறது. அம்மாவின் அடுப்பங்கரையில் இருக்கிறது. ஊர் முழுக்கக் காப்பு தோய்த்திருக்கிறார்கள், திருவிழாவுக்குக் குழம்பு வைக்கிறார்கள், பிள்ளைகள் தின்கின்றன. ஒரு கயிற்றிலேயே இவ்வளவு ஈயமென்றால் ஒரு பாக்கெட்டில் எவ்வளவு இருக்கும்? ஆய்வேட்டைக் காப்பாற்ற ஆறு நாள் ஓடினோமே, இதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். சேலம், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலைப் பஸ். கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது, ஊரில் யார் வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்லித் தூளைக் கொட்டச் சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பார்த்தாள். திருவிழா நேரத்தில் யார் கேட்பார்கள்?

வீட்டுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆயம்மாள் மறுநாளைக்குச் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து எழுவதற்குள் சுபலட்சுமி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

"மஞ்சத்தூள் டப்பா எங்கம்மா?"

"வந்ததும் வராததுமா இன்னாடி மஞ்சத்தூளு? அதோ, உப்புக்குப் பக்கத்துல."

திறந்தாள். உள்ளே இருந்தது பழுப்பேறிய, மங்கலான தூள்.

"இது இல்லம்மா. எனக்குக் காப்பு தோச்சது."

"அதுவா? அது சாமி படத்துக்குப் பின்னால இருக்குது." ஆயம்மாள் போய் எடுத்து வந்தாள். கடைப் பாக்கெட். வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஒரு சிட்டிகைதான் குறைந்திருக்கும்.

"குழம்புக்குப் போட்டியா இத?"

"இதயா? குழம்புக்குக் கடைத்தூள என்னிக்குப் போட்டிருக்குறன்? நம்ம கொல்லையில வெளஞ்சதத்தான் போடுவன்."

"மத்தவங்களுக்குக் காப்பு தோச்சது?"

"ஊருக்கே நம்ம மலை மஞ்சதான். அவங்க அவங்க வூட்டு மஞ்ச." ஆயம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "உனக்கு மட்டுந்தான் இது. நம்ம மஞ்ச மங்கலு. நீ பெரிய எடத்துல படிச்சவங்களோட இருக்கிற. கையில அழுக்குக் கயிறாட்டம் தெரிஞ்சா நாலு பேரு ஒரு மாதிரியா பாப்பாங்க. அதான் நல்லா பளிச்சினு இருக்கட்டும்னு சந்தைல தேடிப் புடிச்சி வாங்கியாந்தன்."

சுபலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் யாரும் தின்னவில்லை. அம்மாவும் தின்னவில்லை. பெங்களூரில் எண்கள் வந்தபோது சிரித்தவள், இப்போது அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள்.

"இன்னாடி ஆச்சு? காப்ப அறுத்துட்டன்னு அழுவுறியா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஆவல. நல்லபடியா முடிஞ்சிடுச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த விளக்கமெல்லாம் நாக்கு வரை வந்து திரும்பிப் போயின. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். "இந்தத் தூளு ஆவாது. குழி தோண்டிப் பொதைச்சிடலாம்."

"நல்லாத்தான இருந்துது நெறம்" என்று ஆயம்மாள் மனசில்லாமல் பாக்கெட்டைக் கொடுத்தாள். பிறகு மகளின் வெறும் கையைப் பார்த்தாள். விடிந்தால் காப்பு அவிழ்க்கும் நாள், அவிழ்க்கக் கையில் ஒன்றுமில்லை. உள்ளே போய் ஒரு முழம் நூலை எடுத்து வந்து, உப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து, தண்ணீர் விட்டுக் குழைத்துத் தோய்த்தாள்.

"மங்கலாத்தான் இருக்குது" என்றாள்.

சுபலட்சுமி கையை நீட்டினாள்.